நெத்திலி ஆசிரியர் கொடுத்த மனு

கிட்ட வந்து உட்காரு கண்ணு. ஃபேனை உன் பக்கம் திருப்பிக்கோ, எனக்குக் காத்து ஜாஸ்தி வேணாம். போனைக் கொஞ்ச நேரம் கவுத்து வை. ஊரைச் சிரிக்க வைத்தே காலத்தை ஓட்டிய ஒரு மனுஷன், ஒரு தடவை தப்பான இடத்தில் சிரிக்க வைத்துவிட்டு என்ன பாடுபட்டார் என்று ஒரு கதை இருக்கிறது. பயந்துக்காதே, அழ வைக்கிற கதை இல்லை. நடுவில் கொஞ்சம் நெஞ்சை அடைக்கும், அவ்வளவுதான்.

கடலூர் முதுநகரில் சிங்காரம் என்று ஒருவர். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் மூன்று பேனா, அதில் இரண்டு எழுதாது. 'நெத்திலி' என்று நாலு பக்கப் பத்திரிகை நடத்துகிறார். மாதம் இரண்டு இதழ். ஆசிரியர், நிருபர், பிழை பார்க்கிறவர், கட்டுக் கட்டிப் பஸ்ஸில் ஏற்றுகிறவர் எல்லாம் அவரேதான். அதென்ன நெத்திலி என்று யாராவது கேட்டால், "சுறா புடிக்கிறதுக்குப் பெரிய பத்திரிகைங்க இருக்குது. நம்மளுது சின்ன மீனு. ஆனா முள்ளோட சேத்துத்தான் முழுங்கணும்" என்பார்.

அதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய தினசரிக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார். எந்த விழாவுக்குப் போனாலும் "வெகு சிறப்பாக நடைபெற்றது" என்று முடிக்க வேண்டும், அதுதான் வேலை. ஒரு கிராமத்தில் தண்ணீர்த் தொட்டி ஒன்றை மூன்றாவது தடவையாகத் திறந்து வைத்தார்கள். முதல் இரண்டு தடவையும் தண்ணீர் வரவில்லை. சிங்காரம் இப்படி எழுதி அனுப்பினார்: "தொட்டியின் மூன்றாவது திறப்பு விழா வெகு சிறப்பாக நடைபெற்றது. நான்காவது விழாவுக்கும் பொதுமக்கள் திரளாக வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." யாரும் கவனிக்கவில்லை, அப்படியே அச்சாகிவிட்டது. மறுநாள் சிங்காரத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரமே தொட்டியில் தண்ணீர் வந்தது. சிங்காரம் போய் ஒரு சொம்பு பிடித்துக் குடித்துவிட்டு வந்து, நெத்திலியின் முதல் இதழுக்கு எழுத உட்கார்ந்தார்.

எழுதினதோடு நிற்கிற ஆளில்லை அவர். கீரப்பாளையம் பக்கத்தில் ஒரு ஊருக்கு மாதத்துக்கு நாலு நாள்தான் டவுன் பஸ் வரும். ஒருநாள் அந்த ஊர் ஜனத்தையே திரட்டி, நாயனம் தவிலோடு பஸ்ஸை எதிர்கொண்டார். டிரைவருக்கு மாலை போட்டு, பன்னீர் தெளித்து, ஆரத்தி எடுத்து, மாப்பிள்ளை அழைப்பு மாதிரி இறக்கினார்கள். "யோவ், என்னை எதுலயாவது மாட்டிவுட்டுடாதீங்கய்யா" என்று டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் மனுஷனுக்கு அந்த மாலை பிடித்துப் போய்விட்டது. டிப்போவில் சண்டை போட்டு அந்த ஊர் வழியையே கேட்டு வாங்கிக்கொண்டு தினமும் வர ஆரம்பித்தார். தேவனாம்பட்டினத்தில் பகல் முழுக்க எரிந்துகொண்டிருந்த தெருவிளக்கின் கீழே சிங்காரம் ஒரு அட்டை கட்டினார்: "பகலில் எரிந்து உதவும் விளக்குக்கு நன்றி. இரவுப் பணிக்குச் சூரியனைக் கேட்டிருக்கிறோம்."

இப்படியே முப்பது வருஷம். நெத்திலியால் அரசாங்கம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வந்தது, பஸ் வந்தது, விளக்கு அணைந்தது. சிங்காரத்துக்கு அது போதும். ஒரே ஒரு பெருமை மட்டும் அவருக்கு உண்டு, கேட்காதவரிடமும் சொல்லுவார்: "மேல உக்காந்திருக்கறவனைத்தான் கேலி பண்ணுவேன். கீழ இருக்கறவனை ஒருநாளும் தொட்டதில்ல."

அவர் சம்சாரம் சௌந்தரம் எல்லா ஊர்வலத்திலும் முன்வரிசை. குரல் அப்படி. மைக் வாடகை மிச்சம் என்பார் சிங்காரம்.

போன வருஷம், கீரப்பாளையத்திலிருந்து ரத்தினம்மாள் என்று ஒரு அம்மா அவரைத் தேடி வந்தார். புருஷன் இறந்துபோனார். அரை ஏக்கர் நிலம், பட்டா அவர் பேரில். அதைத் தன் பேருக்கு மாற்றச் சொல்லி ஓர் அரசு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். எந்த அலுவலகம் என்று கேட்காதே கண்ணு. சிதம்பரம் வட்டாரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்.

"ஆளு போயி வருஷம் திரும்பப் போவுது, பேரு மட்டும் போவமாட்டேங்குது தம்பி" என்றார் ரத்தினம்மாள். "போனா நாளைக்கு, போனா அடுத்த வாரம். ஒம்போது மாசம் ஆச்சு. என் வயித்துல இருந்திருந்தாக்கூட இந்நேரத்துக்குப் பொறந்திருக்கும்."

சிங்காரம் டீ டம்ளரைக் கீழே வைத்தார். சௌந்தரத்தைப் பார்த்தார். சௌந்தரமும் இவரைப் பார்த்தது.

"மாமா, வேணாம்" என்றது சௌந்தரம், சிரிப்பை அடக்கிக்கொண்டே.

"ஒம்போது மாசம்டி. வளைகாப்பு போடாம விட்டா ஊர் என்ன பேசும்?"

அடுத்த புதன்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினைந்து பெண்கள் பட்டுப் புடவையில் அந்த அலுவலகத்துப் படியேறினார்கள். முன்னால் ஒரு நாயனம், ஒரு தவில். தட்டுத் தட்டாக வளையல், சந்தனம், குங்குமம், பூ. பின்னால் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று ஏழு வகைத் தூக்கு. நெத்திலிக்குப் பக்கம் அமைத்துத் தருகிற சிலம்பரசன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடந்தார். காதும் காதும் வைத்தாற்போலத் தகவல் தெரிந்துகொண்ட பெரிய ஆபீசர், மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக நழுவியிருந்தார்.

"எங்க வூட்டுப் பொண்ணு எங்கம்மா?" என்று சௌந்தரம் குரல் கொடுத்தது.

கோப்பு இருந்த மேசை ஆரோக்கியம்மாளுடையது. முப்பத்தாறு வயசுப் பெண், மூக்குக் கண்ணாடி, எண்ணெய் வைத்து வாரிய தலை. அப்பாவைப் பெற்றவள் பெயரை வைத்துவிட்டார்கள். வேலையில் சுத்தம். ரத்தினம்மாளின் காகிதங்களைச் சரிபார்த்து, குறிப்பு எழுதி, முதல் மாதமே மேலே அனுப்பிவிட்டவள். கையெழுத்தாகாமல் மூன்று தடவை திரும்பி வந்து அவள் மேசையில் கிடந்தது, அவ்வளவுதான். கேலி யார்மேல் என்று அவளுக்கும் தெரியும். சிரித்துக்கொண்டே தானே கோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஜரிகைத் துணி விரித்து, கோப்பை உட்கார வைத்தார்கள். அட்டையில் சந்தனம் தடவினார்கள். நாடாவில் கண்ணாடி வளையல்களைக் கோத்துக் கட்டினார்கள். அலுவலகமே எழுந்து நின்று வேடிக்கை பார்த்தது.

நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். வளைகாப்பில் சூலிக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணை உட்கார வைத்து அவளுக்கும் நாலு வளையல் போடுவார்கள், அவளுக்கும் சீக்கிரம் ஆகட்டும் என்று. நூறு வளைகாப்பு பார்த்த கை சௌந்தரத்துடையது. கோப்புக்குப் பக்கத்து நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தது, ஆரோக்கியம்மாளின் கையைப் பிடித்தது, பச்சை வளையல் நாலை ஏற்றியது. "அடுத்தது ஒனக்குத்தான் ஆயி" என்றது.

எல்லாரும் கை தட்டினார்கள். தவில்காரர் ஒரு முத்தாய்ப்பு வைத்தார். ஆரோக்கியம்மாள் சிரித்த முகத்தோடு அப்படியே இருந்தாள். போட்டோவில் அது சிரிப்பாகத்தான் தெரிந்தது. எடுத்த படங்களிலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று சிங்காரம் முதல் பக்கத்தில் அதைப் போட்டார்.

நாலே நாளில் பட்டா கையெழுத்தாகிவிட்டது. சிலம்பரசன் போட்ட ரீலை நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். நெத்திலி இரண்டாம் தடவை அச்சடிக்க வேண்டி வந்தது. முப்பது வருஷத்தில் அதுமாதிரி நடந்ததே இல்லை. டீக்கடையில், பஸ்ஸில், மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் எல்லாம் கை குலுக்கினார்கள். சிங்காரம் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

பத்து நாள் கழித்து ரத்தினம்மாள் ஒரு பை நிறையக் கத்திரிக்காயோடு நன்றி சொல்ல வந்தார். காயைக் கொட்டிவிட்டு, போகாமல் நின்றார்.

"அந்தப் பொண்ணு சீட்டு காலியாக் கெடக்குது தம்பி."

"எந்தப் பொண்ணு?"

"ஆரோக்கியம். நான் எத்தினி தடவை போனாலும் 'உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க'ன்னு சொல்ற ஒரே ஆளு அது. லீவு போட்டுடுச்சாம். வர்றவன் போறவனெல்லாம் 'வளையல் போட்டாங்களே மேடம், விசேசம் உண்டா'ன்னு கேக்கறானுவோ. அதுக்குக் கல்யாணம் ஆயி பத்து வருஷம் ஆவுது. கொழந்தை இல்ல. கம்மாபுரம் பக்கம் மாத்திக் குடுங்கன்னு எழுதிப் போட்டிருக்குதாம்."

சௌந்தரம் கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தது. "நான்தான மாமா போட்டேன்" என்றது.

"நீ கையில போட்ட. நான் முதல் பக்கத்துல போட்டேன்" என்றார் சிங்காரம்.

அன்றைக்கே சிலம்பரசனிடம் சொல்லி ரீலை நீக்க வைத்தார். நீக்கி என்ன, அதற்குள் ஐம்பது பேர் தங்கள் பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். அடுத்த இதழ் பக்கம் போட்டுத் தயாராக இருந்தது. "அச்சுக்கு அனுப்பட்டுமா அண்ணே?" என்று சிலம்பரசன் கேட்டார்.

"வேணாம். அந்தப் பொண்ணு அது சீட்டுல பழையபடி நிம்மதியா உக்காரட்டும். அப்புறம்தான் நெத்திலி. உக்காரலைன்னா, இதோட சரி."

சும்மா சொன்ன வார்த்தை இல்லை அது. முப்பது வருஷமாகக் கீழே இருக்கிறவரைத் தொட்டதில்லை என்று சொன்ன வாய். அந்த வாயை வைத்துக்கொண்டு இனி யாரைக் கேலி பண்ணுவது?

ஆரோக்கியம்மாள் வீடு கிள்ளையில். புருஷன் அன்புமணி பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகு தள்ளுகிறவர் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, சிங்காரம் ஒரு காலையில் போய் டிக்கெட் எடுத்தார். அன்புமணியின் முறை வரும்வரை மூன்று படகை விட்டுக் காத்திருந்தார். ஏறி உட்கார்ந்து, எப்படி ஆரம்பிக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போனார். சுரபுன்னை மரங்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்த வாய்க்காலில் அன்புமணி துடுப்பை நிறுத்தினார்.

"நெத்திலிதான சார் நீங்க?"

"எப்பிடித் தெரியும்?"

"மூணு மாசத்துக்கு ஒருவாட்டி உங்க மூஞ்ச நீங்களே போட்டுக்கறீங்களே." இரண்டு துடுப்பையும் தூக்கிச் சிங்காரத்தின் மடியில் வைத்தார். "நீங்க தள்ளுங்க. நான் பேசறேன்."

சிங்காரம் தள்ளினார். படகு ஒரே இடத்தில் வட்டம் போட்டது. எதிரே வந்த படகில் கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்புமணி சிரிக்கவில்லை.

"எங்களுக்குக் கொழந்தை இல்லாதது எங்களுக்கு ஒரு கஷ்டமா இருந்துச்சு சார். அதை நாங்க ரெண்டு பேரும் பேசி ஒருவழியா ஆத்திக்கிட்டோம். ஊருதான் ஆத்திக்க மாட்டேங்குது. கோயில் பூசைக்குப் போனா கேக்கும், மீன் வாங்கப் போனா கேக்கும். சொந்தக்காரங்க விசேசம்னா அது தலைவலின்னு படுத்துக்கும். அந்த ஆபீஸ் ஒண்ணுதான் சார் யாரும் அதைக் கேக்காத எடம். அங்க போனா அது ஆரோக்கியம் மேடம். ஃபைல் எங்கன்னு மட்டும்தான் கேப்பாங்க. அதையும் கெடுத்துட்டீங்களே."

சிங்காரம் இன்னும் வேகமாகத் தள்ளப் பார்த்தார். துடுப்பு தண்ணீரில் தப்பு தப்பென்று அடித்தது.

"என்ன பண்ணாச் சரியாவும்?" என்றார் கடைசியில்.

"தெரிஞ்சா நான் பண்ணியிருக்க மாட்டனா? திங்கக்கிழமை லீவு முடியுது. மாறுதல் ஆர்டர் வர்ற வரைக்கும் போய்த்தான ஆவணும். அங்க போயி கேளுங்க. வூட்டுக்கு வராதீங்க. நாலு பேரு பாக்க நடந்ததுக்கு நாலு பேரு பாக்கத்தான் கேக்கணும்." பிறகு துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "குடுங்க சார். இப்பிடியே போனா நாளன்னிக்குத்தான் கரை சேருவோம்."

திங்கட்கிழமை. குறை கேட்கும் நாள், நல்ல கூட்டம். சிங்காரம் வரிசையில் நின்றார். முன்னால் இருந்த ஆள் நகர்ந்ததும் ஆரோக்கியம்மாள் நிமிராமலே கேட்டாள்.

"என்ன வேணும்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா."

பேனா நின்றது. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழுவாளோ, திட்டுவாளோ, எழுந்து போய்விடுவாளோ என்று சிங்காரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மனுவா எழுதிக் குடுங்க" என்றாள்.

"இல்லம்மா, நான் வந்து..."

"வாய்மொழியா எதையும் ஏத்துக்கறதில்ல. வெளிய மரத்தடியில எழுதறவரு இருக்காரு. அடுத்த ஆள் வாங்க."

மரத்தடியில் மனு எழுதுகிற பக்கிரி, இருபது வருஷத் தொழிலில் இப்படி ஒன்று எழுதியதில்லை. "பொருள் என்னன்னு போட?" என்று கேட்டார். யோசித்து அவரே போட்டார்: "பொருள்: மன்னிப்பு கோருதல் தொடர்பாக." ஆரோக்கியம்மாள் வாங்கி, முத்திரை குத்தி, எண் போட்டு, ஒப்புகைச் சீட்டு கிழித்துக் கொடுத்தாள். "அடுத்த திங்கக்கிழமை வந்து பாருங்க."

அடுத்த திங்கட்கிழமை மனு அவள் கையில் இருந்தது.

"இணைப்பு எதுவும் இல்லையே. வருத்தப்பட்டதுக்கு என்ன ஆதாரம்?"

"சோறு எறங்கலம்மா."

"யாரு சாட்சி?"

"என் சம்சாரம்."

"அவுங்களும் இந்த விவகாரத்துல சம்பந்தப்பட்டவுங்க. சாட்சி செல்லாது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூன்றாவது வாரம், கேட்டிருப்பது மன்னிப்பா பரிகாரமா, இரண்டும் வேறு வேறு பிரிவு என்று திருப்பினாள். நாலாவது வாரம் நகல் தெளிவாக இல்லை. ஐந்தாவது வாரம் நேர் விசாரணைக்கு மனைவியையும் அழைத்து வரச் சொன்னாள்.

சௌந்தரம் ஒரு தூக்கில் கருவாட்டுக் குழம்பும் இன்னொன்றில் சோறுமாக வந்தது. சாப்பாட்டு வேளையில் பெண்கள் இரண்டு பேரும் பின்பக்க அறைக்குப் போனார்கள். என்ன பேசினார்கள் என்று சிங்காரத்துக்குத் தெரியாது. கடலூர் வரும்வரைக்கும் சௌந்தரம் பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. அதுவே உலக அதிசயம். இறங்கும்போது மட்டும், "நல்ல பொண்ணு மாமா. ரெண்டு தட்டு சாப்புட்டுது" என்றது.

ஆறாவது வாரம், வரிசையில் நின்ற யாரோ அதைப் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஆபீசுகளையெல்லாம் கேலி பண்ணின நெத்திலி ஆசிரியர் கையில் ஒப்புகைச் சீட்டோடு நிற்கிற படம். பிறகு சிங்காரத்தால் சிதம்பரத்தில் ஒரு டீ குடிக்க முடியவில்லை. "அண்ணே, மனு எந்த மேசையில இருக்குது?" "ஆதாரம் கேட்டாங்களாமே, கண்ணீரை பாட்டில்ல புடிச்சுக் குடுத்துடுங்களேன்." பஸ் கண்டக்டர்கூட, "திங்கக்கிழமையா? ஒப்புகைச் சீட்டு எடுத்துக்கிட்டீங்களா சார்?" என்றார்.

எட்டாவது வாரம் சிங்காரம் வரிசையில் நிற்கும்போது, முன்னால் இருந்த ஒரு பெரியவர் ஆரோக்கியம்மாளைக் காட்டிப் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "நெத்திலிக்காரனை இழுத்தடிக்குதே, அந்த மேடம்தான் இது. கெட்டி ஆளு."

சிங்காரத்துக்கு அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. வளையல் பேச்சு எங்கே போயிற்று? இரண்டு வாரமாக யாரும் அதைச் சொல்லவில்லை. ஊருக்கு ஒரு சிரிப்பு வேண்டும். அந்தச் சிரிப்பை ஆரோக்கியம்மாள் தன் மேலிருந்து உருவி, மடித்து, முத்திரை குத்தி, இவர் தலையில் வைத்திருக்கிறாள். முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு அது புரிய எட்டு வாரம் ஆகியிருக்கிறது.

புரிந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நின்ற நிலையே வேறு. குடை, தண்ணீர் பாட்டில், மடக்கு ஸ்டூல் எல்லாம் கொண்டுவந்தார். "மேற்படி சிங்காரம் முட்டாள்தான் என்பதை நேரில் கண்டு உறுதி செய்கிறேன்" என்று பக்கிரியிடம் சான்று வாங்கி இணைத்தார். சிரிப்பு ஜாஸ்தியாகட்டும், முழுக்கத் தன்மேலேயே விழட்டும் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். அங்கே வாராவாரம் யாராவது போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கவே, மற்றவர்களின் கோப்புகளும் மளமளவென்று நகர்ந்தன. பெரிய ஆபீசர் திங்கட்கிழமைகளில் மீட்டிங் போவதை நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டாவது திங்கட்கிழமை மேசையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. ஆரோக்கியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிங்காரம் கேட்காமலே, "கம்மாபுரத்துக்கு ஆர்டர் வந்திருக்குது" என்றாள்.

அன்றைக்கென்று கொண்டுவந்திருந்த வேடிக்கைச் சான்றைச் சிங்காரம் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். தோற்றுப்போனோம் என்று தெரிந்தது. நெத்திலி போனது கூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் ஊர்ப்பக்கத்தில் தனக்கு என்று ஒரு நாற்காலி வைத்திருந்த பெண்ணை மாவட்டத்தின் அந்தக் கோடிக்கு விரட்டியாயிற்று.

"அங்க எந்தக் கிழமை மனு வாங்குவாங்கன்னு சொல்லும்மா" என்றார். "அங்க வந்து நிக்கறேன்."

"ரெண்டு பஸ் மாறணும்."

"மாறிக்கறேன்."

"வெயில் ஜாஸ்தி. நெய்வேலிச் சுரங்கம் பக்கம்."

"கொடை இருக்குது."

ஆரோக்கியம்மாள் பன்னிரண்டு வாரத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று தேடிப் பார்த்தாள். அந்த முகத்தில் அது இல்லை.

"அடுத்த வாரம் இங்கயே வாங்க" என்றாள்.

அந்த வாரம் சிங்காரம் எப்படிக் கழித்தார் என்று சௌந்தரத்தைத்தான் கேட்கணும். பதிமூன்றாவது திங்கட்கிழமை போனபோது பழுப்பு உறை மேசையில் இல்லை. "மாறுதல் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றாள் ஆரோக்கியம்மாள், ஏதோ பேனா இரவல் கேட்கிற மாதிரிச் சாதாரணமாக. "காரணம் கேட்டாரு ஆபீசர். மனு ஒண்ணு நிலுவையில இருக்குது சார், முடிக்காமப் போனா முறையில்லைன்னேன். சிரிச்சுட்டாரு. இந்த சீட்டு எனக்குப் பழகிடுச்சு." பிறகு டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினாள். "உங்க மனு மேல உத்தரவு."

சொந்தக் கையெழுத்தில், வரி கோணாமல் எழுதியிருந்தது:

"மனுதாரர் பதிமூன்று முறை நேரில் வந்தது கவனத்தில் கொள்ளப்பட்டது. மனு ஏற்கப்படுகிறது. இனி நெத்திலி ஒவ்வொரு இதழும் அச்சுக்குப் போகுமுன் ஒரு படி எனக்குக் காட்டப்பட வேண்டும். யார் சிரிப்பார்கள் என்பதை ஆசிரியர் பார்த்துக்கொள்ளட்டும். பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நான் பார்க்கிறேன். விசாரணையின்போது கொண்டுவரப்பட்ட கருவாட்டுக் குழம்பு திருப்தியாக இருந்ததால், அது மாதம் ஒருமுறை தொடர வேண்டும். இவ்வுத்தரவின் மீது மேல்முறையீடு கிடையாது."

சிங்காரம் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை எழுத்து மங்கலாகத் தெரிந்தது.

"ஆபீஸ் நேரத்துல இதெல்லாம் பாக்க மாட்டேன்" என்றாள் ஆரோக்கியம்மாள். "ஞாயித்துக்கிழமை கிள்ளைக்கு வாங்க. அக்காவையும் கூட்டிக்கிட்டு வாங்க. அடுத்த ஆள்."

அந்த ஞாயிறு, கிள்ளையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நெத்திலியின் நாலு பக்கமும் விரித்துக் கிடந்தது. மூன்று மாதமாக நின்றிருந்த இதழ். ஆரோக்கியம்மாள் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் வருகிற துணுக்கைக் கேள்வி கேட்காமல் அடித்தாள். "இதுல மாட்டறது மேஸ்திரி, கான்ட்ராக்டர் இல்ல" என்று இன்னொன்றை அடித்தாள். மூன்றாவதில் கொஞ்ச நேரம் நின்று, கடைசி வரியை வெட்டிவிட்டு, மேலே ஏதோ கிறுக்கித் தந்தாள். சிங்காரம் வாங்கிப் பார்த்தார். தன் வரியைவிட நன்றாக இருந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரிக்கிறதைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அடுப்படியில் நின்ற அன்புமணி எட்டிப் பார்த்து, "எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்களேன்" என்றார்.

"நீ இரு, இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது" என்றாள் அவள்.

இன்றைக்கும் மாதம் இரண்டு தடவை நெத்திலி வருகிறது கண்ணு. முன்னைவிடக் கொஞ்சம் முள் கூட என்கிறார்கள். மேலே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அது தெரியும்.

போய் வா. உன் வீட்டில் தினம் ஒரு வேளையாவது எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சோறு தின்னட்டும். அந்தச் சோற்றில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். அந்தச் சிரிப்பால் ஒருத்தர் மனசும் ஓரமாகப் போய் உட்காராமல் இருக்கட்டும். யாராவது தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், மன்னிப்பைக் கேட்டு வாங்க வாயும், விட்டுக் கொடுக்க மனசும் உன் வீட்டில் நிறைந்திருக்கட்டும். நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நல்லாயிருக்கணும் கண்ணு.